ஒரு ரேம்... மூன்று வேகம்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, ஒரு கவிதை எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "கவிதை பதினேழு சேர்ந்துபோச்சு, அதுல பதினொண்ணு காதல். வேற ஏதாவது குடு" என்று சொல்லிவிட்டார். சரி, கவிதை வேண்டாம். போன செமஸ்டரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் நான் போட்ட சண்டையைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் தோற்ற கதையும், அப்புறம் தெரிந்துகொண்ட விஷயமும் உங்களில் யாருக்காவது பணத்தை மிச்சப்படுத்தும்.

மெக்கானிக்கல் பிரிவில் எனக்கு ஒரு நண்பன். செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கியிருந்தான். இன்டெல் எட்டாம் தலைமுறை, ஐ5-8250யூ பிராசஸர், மெமரி 4 ஜி.பி. மட்டும். ஆட்டோகேட் திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். இரண்டு மாதம் ராத்திரி ஷிப்டில் பெட்ரோல் பங்கில் நின்று பணம் சேர்த்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 8 ஜி.பி. டிடிஆர்4-3200 ரேம் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான். கடைக்காரர், "பழைய ஸ்டிக் 2400 ஸ்பீடு தம்பி. இதையும் சேத்துப் போட்டா புதுசும் 2400-க்கு இறங்கிடும். பழசைக் குடுத்துடு, முந்நூறு ரூபா கழிச்சுக்கறேன்" என்றாராம். கொடுத்துவிட்டான்.

ஹாஸ்டலில் என் அறைக்கு வந்து, "மச்சான், 3200 போட்டாச்சு, செக் பண்ணு" என்றான். நான்தான் எலெக்ட்ரானிக்ஸ் ஆயிற்றே! விண்டோஸ் 10-இன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கம் போனேன். ஸ்பீடு: 2400 மெகாஹெர்ட்ஸ். திக்கென்றது. சந்தேகத்துக்கு சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். 'டிரேம் ஃப்ரீக்வென்சி' என்ற இடத்தில் 1197 மெகாஹெர்ட்ஸ்! லேபிளில் 3200, விண்டோஸில் 2400, இதில் 1197. காட்டக் காட்டக் குறைந்துகொண்டே போகிறது. இன்னொரு சாஃப்ட்வேர் போட்டால் எண்ணூறுக்கு வந்துவிடுமோ என்று பயந்துபோய், "டேய், உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கடா. டூப்ளிகேட் ரேம்" என்று தீர்ப்பு வழங்கினேன்.

மறுநாள் கடையில் நடந்ததை முழுவதும் எழுத வெட்கமாக இருக்கிறது. "அண்ணே, இது எந்த ஊர் 3200?" என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாக ஸ்டிக்கைக் கழற்றி லேபிளைக் காட்டினார். "லேபிள் யார் வேணா ஒட்டலாம்" என்றேன். கடையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். "தம்பி, பில் இருக்கு, வாரன்டி இருக்கு, இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல" என்றார் அவர். 1197 ஏன் வருகிறது என்று அவருக்கும் விளக்கத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி கத்தியது நான் மட்டும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

நாம் டிஜிட்டல் லேபில் 7474 டி ஃபிளிப்-ஃப்ளாப் போட்டுப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கிளாக் கீழிருந்து மேலே ஏறும் விளிம்பில் மட்டும்தான் அது டேட்டாவைப் பிடிக்கும். இறங்கும்போது சும்மா இருக்கும். 1990-களின் கடைசியில் வந்த எஸ்டிரேம் மெமரியும் அப்படித்தான். ஒரு கிளாக்குக்கு ஒரு தடவை டேட்டா. 1998-இல் இன்டெல்லின் 440பிஎக்ஸ் சிப்செட்டோடு வந்த பிசி100 மெமரிக்குக் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், டேட்டா போவதும் நொடிக்கு 100 மில்லியன் தடவை. இரண்டும் ஒரே எண் என்பதால், எதைச் சொல்கிறோம் என்று யாரும் கவலைப்படத் தேவையில்லாமல் இருந்தது.

2000-ஆம் ஆண்டில் ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு டிடிஆர் மெமரிக்கான தரத்தை வெளியிட்டது. டபுள் டேட்டா ரேட் என்பதன் சுருக்கம்தான் டிடிஆர். கிளாக் ஏறும்போதும் ஒரு டேட்டா, இறங்கும்போதும் ஒரு டேட்டா. குழப்பத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது இங்கேதான்.

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டவுனுக்குப் போய்த் திரும்பி வந்தால் ஒரு நடை. போகும்போது மட்டும் ஆள் ஏற்றிக்கொண்டு, வரும்போது காலியாக வந்தால் அது பழைய எஸ்டிரேம். இரண்டு பக்கமும் ஆள் ஏற்றினால் டிடிஆர். டிரைவரைக் கேட்டால் "1600 நடை ஓட்டினேன்" என்பார். கண்டக்டரைக் கேட்டால் "3200 தடவை ஆள் ஏத்தி இறக்கினேன்" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. டிரைவர் சொல்வது மெகாஹெர்ட்ஸ், அதாவது கிளாக் எத்தனை தடவை துடித்தது என்பது. கண்டக்டர் சொல்வது மெகா டிரான்ஸ்ஃபர், அதாவது டேட்டா எத்தனை தடவை கைமாறியது என்பது. சிபியு-இசட் டிரைவர் கட்சி. லேபிள், விளம்பரம், டாஸ்க் மேனேஜர் எல்லாம் கண்டக்டர் கட்சி.

வம்பு என்னவென்றால், பல வருஷமாகக் கண்டக்டர் கணக்கை எழுதிவிட்டு, பக்கத்தில் டிரைவரின் அலகைப் போட்டார்கள். 3200 என்பது டிரான்ஸ்ஃபர் எண்ணிக்கை. அதற்குப் பின்னால் 'மெகாஹெர்ட்ஸ்' என்று போட்டது தப்பு. கடைக்காரர்கள் மட்டுமல்ல, விண்டோஸே அப்படித்தான் காட்டியது. 2012-இல் வந்த மேக்புக் புரோவின் விவரப் பக்கத்திலும் '1600 மெகாஹெர்ட்ஸ் டிடிஆர்3' என்றுதான் இருக்கும். நிஜக் கிளாக் 800. 2024-இல்தான் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இன் டாஸ்க் மேனேஜரில் மெகாஹெர்ட்ஸை எடுத்துவிட்டு, நொடிக்கு மெகா டிரான்ஸ்ஃபர் என்று மாற்றியது. லினக்ஸில் டிஎம்ஐடிகோட் என்று ஒரு கட்டளை உண்டு. அதிலும் பழைய பதிப்புகளில் மெகாஹெர்ட்ஸ், புதிய பதிப்புகளில் மெகா டிரான்ஸ்ஃபர். அலகு மாறியதே தவிர எண் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்!

ஆக, 1197 என்பதை இரண்டால் பெருக்கினால் 2394. கிட்டத்தட்ட 2400. அந்த ஆறு எங்கே போனது என்று கேட்பீர்கள். மதர்போர்டின் அடிப்படைக் கிளாக் பேருக்குத்தான் 100 மெகாஹெர்ட்ஸ். ரேடியோ இடைஞ்சல் ஓரே இடத்தில் குவியாமல் இருக்க அதை வேண்டுமென்றே ஒரு மயிரிழை கீழே ஆடவிடுவார்கள். ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்று பெயர். அதனால் 99.7, 99.8 என்று நிற்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 1200-க்குப் பதில் 1197. இதற்கெல்லாம் கடைக்காரரிடம் சண்டை போடக்கூடாது.

சரி, 1197-க்கும் 2400-க்கும் கணக்கு முடிந்தது. 3200 எப்படி 2400 ஆனது?

ரேம் ஸ்டிக்கை எடுத்து உற்றுப் பாருங்கள். பெரிய கறுப்புச் சிப்புகளுக்கு நடுவில் எட்டுக் கால் உள்ள ஒரு குட்டிச் சிப் இருக்கும். அதற்கு எஸ்பிடி என்று பெயர். ஸ்டிக்கின் ஜாதகம் அதற்குள் இருக்கிறது. இவன் 3200 வரை ஓடுவான், 2933-இலும் ஓடுவான், 2666, 2400-இலும் ஓடுவான், ஒவ்வொன்றிலும் இத்தனை கிளாக் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பயாஸ் அந்த ஜாதகத்தைப் படிக்கும். பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் ஜாதகத்தையும் பார்க்கும். இரண்டுக்கும் பொருந்துகிற அதிக வேகம் எதுவோ அதில் ஓட்டும். 2017-இல் வந்த ஐ5-8250யூ-வுக்கு இன்டெல் கொடுத்திருக்கும் அதிகபட்சம் டிடிஆர்4-2400. அதில் 3200 போட்டாலும் 2400தான். நாற்பது கிலோமீட்டர் வேகம் கட்டுப்படுத்திய ஸ்கூல் வேனுக்கு ரேஸ் டயர் போட்ட கதை.

இதை ஊர்ஜிதம் செய்யச் சிபியு-இசட்டிலேயே வழி இருக்கிறது. மெமரி பக்கத்துக்கு அடுத்து எஸ்பிடி என்று ஒரு பக்கம். அதில் 'மேக்ஸ் பேண்ட்வித்' என்ற இடத்தில் 'டிடிஆர்4-3200 (1600 மெகாஹெர்ட்ஸ்)' என்று இருந்தது. ஸ்டிக்கால் முடிந்தது அது. மெமரி பக்கத்தில் இருப்பது, இப்போது நிஜமாக ஓடுவது. லினக்ஸின் டிஎம்ஐடிகோடில் 'ஸ்பீடு' என்ற வரி முதலாவது, 'கான்ஃபிகர்டு மெமரி ஸ்பீடு' என்ற வரி இரண்டாவது. நம் லேபில் உள்ள லினக்ஸ் மெஷினில் நண்பனின் ஸ்டிக்கைப் போட்டுப் பார்க்க லேப் இன்ஸ்ட்ரக்டர் சார் அனுமதி கொடுத்தார். முதல் வரியில் 3200 என்று வந்தது. ஸ்டிக் அசல்! நான் சார் முகத்தைப் பார்க்கவில்லை. "யாருகிட்டடா சண்டை போட்ட?" என்று மட்டும் கேட்டார்.

லேபிள் படிப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ரேம் வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் லேப் ஸ்டோர் ரூமில் ஒரு பழைய 486 மதர்போர்டு தூசியோடு கிடக்கிறது. அதில் உள்ள சிம் மெமரிச் சிப்புகளின் எண்ணுக்குக் கடைசியில் '-70' என்று இருக்கும். அது 70 நானோ செகண்ட். அந்தக் காலத்தில் வேகத்தை நேரமாகச் சொன்னார்கள். 70-ஐ விட 60 நல்லது. எண் குறையக் குறைய வேகம். எஸ்டிரேம் வந்ததும் அதைத் தலைகீழாக்கி மெகாஹெர்ட்ஸில் சொன்னார்கள்: பிசி66, பிசி100, பிசி133. அதற்கு அடுத்து வந்தது ஒரு வியாபாரப் போட்டி. ராம்பஸ் மெமரியை பிசி800 என்று விற்றார்கள். அந்த 800 என்பது டிரான்ஸ்ஃபர் எண்ணிக்கை. அதன் பக்கத்தில் டிடிஆர்-200 என்று எழுதினால் யார் வாங்குவார்கள்? ஆனால் ராம்பஸ் ஒரு தடவைக்கு 2 பைட், டிடிஆர் ஒரு தடவைக்கு 8 பைட். 800-ஐ 2-ஆல் பெருக்கினாலும் 1600, 200-ஐ 8-ஆல் பெருக்கினாலும் 1600. பஸ் கணக்கில் சொன்னால், நடையையும் விட்டுவிட்டு, தடவையையும் விட்டுவிட்டு, மொத்தம் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்வது. ஆகவே டிடிஆர்-200-க்கு பிசி1600 என்று பெயர் வைத்தார்கள். நொடிக்கு 1600 மெகாபைட். டிடிஆர்-266 பிசி2100 ஆயிற்று, டிடிஆர்-400 பிசி3200 ஆயிற்று.

அட, மறுபடியும் 3200! ஆமாம். பழைய டிடிஆர் லேப்டாப் ஸ்டிக்கில் 'பிசி3200' என்று இருந்தால் அது 200 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓடும் டிடிஆர்-400. இன்றைய டிடிஆர்4 ஸ்டிக்கில் 'பிசி4-3200ஏஏ' என்று இருந்தால் அது 1600 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓடும் டிடிஆர்4-3200. எட்டு மடங்கு வித்தியாசம். நல்ல வேளையாக முதலாவது 200 கால், இரண்டாவது 260 கால் என்பதால் மாற்றிச் செருக முடியாது.

டிடிஆர்3 லேப்டாப் ஸ்டிக்கில் 'பிசி3எல்-12800எஸ்' என்று பார்த்திருப்பீர்கள். 12800 என்பது மெகாபைட் கணக்கு. எட்டால் வகுத்தால் 1600, இன்னும் இரண்டால் வகுத்தால் 800 மெகாஹெர்ட்ஸ் கிளாக். நடுவில் உள்ள எல், 1.35 வோல்ட்டில் ஓடும் என்பதற்கு. சாதா டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட். டிடிஆர்4 வந்ததும் ஸ்டிக்கில் ஒட்டும் லேபிளில் மறுபடி டிரான்ஸ்ஃபர் எண்ணுக்கே திரும்பிவிட்டார்கள்: பிசி4-2400டி, பிசி4-2666வி, பிசி4-3200ஏஏ. கடைகளின் விலைப்பட்டியலில் மட்டும் பிசி4-19200, பிசி4-25600 என்ற பழைய வழக்கம் இன்னும் ஓடுகிறது. பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்து இலக்கம் என்றால் எட்டால் வகுத்துவிடுங்கள்.

இப்போது வரும் டிடிஆர்5-4800 லேப்டாப்பில் சிபியு-இசட் 2400-ஐ ஒட்டிக் காட்டினால் பயப்பட வேண்டாம், அதே பாதிக் கணக்குதான். மதர்போர்டிலேயே சால்டர் செய்து வரும் எல்பிடிடிஆர்5 விஷயம் இன்னும் வேடிக்கை. 6400 என்று விற்பதில் கட்டளைக்கான கிளாக் 800 மெகாஹெர்ட்ஸ்தான் இருக்கலாம். டேட்டாவுக்குத் தனியாக 3200 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு கிளாக் ஓடும். அங்கே 'பாதி' என்ற சூத்திரமே செல்லாது.

இன்னொரு விஷயம், என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கேஸ் லேட்டன்சி, சுருக்கமாக சிஎல். டேட்டா கேட்டதிலிருந்து முதல் டேட்டா வரும்வரை எத்தனை கிளாக் காத்திருக்க வேண்டும் என்பது. டிடிஆர்3-1600-க்கு சிஎல் 11 சாதாரணம், டிடிஆர்4-3200-க்கு சிஎல் 22. "ஐயோ, இரண்டு மடங்கு மோசமாச்சே" என்று தோன்றும். கால்குலேட்டரை எடுங்கள். 800 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக் 1.25 நானோ செகண்ட். 11-ஆல் பெருக்கினால் 13.75. 1600 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக் 0.625 நானோ செகண்ட். 22-ஆல் பெருக்கினால்... அதே 13.75! சிஎல் 2 போட்ட பழைய பிசி100-க்குக்கூட இந்தக் கணக்கில் 20 நானோ செகண்ட்தான். பஸ்ஸை எத்தனை நடை விட்டாலும், காலையில் முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் அப்படியேதான் இருக்கிறது. 100 என்பது 3200 ஆகியும் லேப்டாப் முப்பத்திரண்டு மடங்கு பறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். விளம்பரத்தில் இந்த எண்ணைப் போடமாட்டார்கள்.

இதெல்லாம் படித்து முடித்த ராத்திரி, சிபியு-இசட் பக்கத்தை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் நண்பன் கேட்டான்: "மச்சான், சேனல்னு போட்டு சிங்கிள்னு இருக்கே, அது என்னடா?"

எனக்குக் கை நடுங்கியது. நான் கத்திச் சண்டை போட்ட 1197-க்கு மூன்று வரி மேலே அது இருந்தது.

இந்த லேப்டாப்பின் கன்ட்ரோலருக்கு மெமரியோடு பேச இரண்டு பாதைகள், ஒவ்வொன்றும் 64 பிட், அதாவது 8 பைட். இரண்டு ஸ்லாட்டிலும் ஸ்டிக் இருந்தால் இரண்டு பஸ் ஒரே நேரத்தில் ஓடும். 2400-ஐ எட்டால் பெருக்கினால் 19,200 மெகாபைட், இரண்டு பாதைக்கு 38,400. இந்த வகை லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டும் கிடையாது; படம் வரைவதற்கும் அதே மெமரிதான். ஆட்டோகேட் ஓட்டுகிறவனுக்கு இந்த இரண்டாவது பாதைதான் முக்கியம். நாங்கள் என்ன செய்திருந்தோம்? பழைய ஸ்டிக்கை முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்லாட்டைக் காலியாக வைத்திருந்தோம்.

பழைய 2400-ஐச் சேர்த்தால் புதுசும் 2400-க்கு இறங்கும் என்று கடைக்காரர் சொன்னாரே, அது பொதுவாக நியாயம்தான். இரண்டு ஸ்டிக்கில் மெதுவானது எதுவோ அந்த வேகத்தில்தான் இரண்டும் ஓடும். ஆனால் இந்தப் பிராசஸரில் புதுசு எப்படியும் 2400-க்கு இறங்கத்தான் போகிறது. பழசைக் கழற்றியதால் கிடைத்தது ஒன்றுமில்லை. போனது 4 ஜி.பி.யும் ஒரு பாதையும். டாஸ்க் மேனேஜரிலும் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்று தெளிவாகக் காட்டியது. ஸ்பீடைத் தேடிய கண்ணுக்கு அது படவேயில்லை.

மறுபடி கடைக்குப் போனோம். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் பில் புக்கை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார், பாவம். "அண்ணே, ரேம் அசல்தான். நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றேன். அன்றைக்கு நின்ற நாலு பேர் இன்று இல்லையே என்று இருந்தது, அவர்கள் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். பிறகு ஒரு காகிதத்தில் 3200, 2400, 1197 கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "இத எழுதியே குடு தம்பி. வாரத்துக்கு ரெண்டு பேரு இதையே கேட்டுக்கிட்டு வர்றாங்க" என்றார்.

பழைய ஸ்டிக் நல்ல வேளையாக விற்றுப் போகவில்லை, டிராயரிலேயே கிடந்தது. முந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார், மாட்டியதற்கு எதுவும் கேட்கவில்லை. ஆன் செய்தோம். மொத்தம் 12 ஜி.பி. சேனல்: டூயல். 8-உம் 4-உமாக இருப்பதால் இரண்டிலும் 4, 4 ஜோடியாக ஓடும், மிச்சம் 4 ஒற்றைப் பாதையில் ஓடும். இன்டெல் பிராசஸர்களில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. டிரேம் ஃப்ரீக்வென்சி மட்டும் அதே 1197.

என் கையெழுத்தில் உள்ள அந்தக் காகிதம் இப்போதும் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் செலோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. ஓர் இடத்தில் 'நானோ'வுக்குத் துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிறவர்கள் யாராவது திருத்திவிடுங்கள்.